குடை வாங்கிய நண்டின் முதல் அச்சு

ஒரகடத்தில் லாரிகளுக்கு பிரேக் உதிரிகள் செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் கடைசிப் பரிசோதனை மேசை சத்யப்பிரியாவுடையது. அவள் 'ஓகே' முத்திரை குத்தாமல் ஒரு பீஸ்கூட வாசலைத் தாண்டாது. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். அதை எடுத்துக் கண்ணில் வைத்தாள் என்றால் மிஷின் ஆபரேட்டர்கள் முகத்தில் ஈயாடாது. இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட லென்ஸ் வைத்துப் பார்த்து ரிஜெக்ட் செய்திருப்பாள் என்று கேண்டீனில் ஒரு பேச்சு உண்டு. அவள் காதுபடவே பேசுவார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள்.

மண்ணூரில் வீட்டுக்குப் போனாலும் அதே லென்ஸ்தான். பார்க்கும் பொருள்தான் வேறு. அவளிடம் நானூற்றுச் சொச்சம் பழைய குழந்தைப் புத்தகங்கள் இருந்தன. வெறுமனே பழசாக இருந்தால் போதாது, முதல் முறை அச்சான பிரதியாக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. நம் பதிப்பாளர்கள் சிலர் 'முதல் பதிப்பு' என்ற வரியை ஒரு தடவை அச்சுக் கோத்துவிட்டால் அப்புறம் அதைத் தொடவே மாட்டார்கள். ஏழாவது தடவை அச்சடித்தாலும் அது முதல் பதிப்புத்தான். ஆகவே விலை அணாவில் இருக்கிறதா, நயா பைசாவில் இருக்கிறதா, முகவரியில் பின்கோடு உண்டா, பின்னட்டை விளம்பரத்தில் எந்தெந்தப் புத்தகங்கள், அச்சகம் எது என்று நூல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்று நாற்பது பேர் இருந்தார்கள். சண்டை எது வந்தாலும் சத்யப்பிரியா சொல்வதே முடிவு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் புதன்கிழமை பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. தட்டைக் கையில் எடுத்தவளிடம் கேட்டிலிருந்து செக்யூரிட்டி கன்னியப்பனே நேரில் வந்துவிட்டார். அவர் இடத்தைவிட்டு நகர்கிறவர் அல்ல.

"சத்யா, உன்னத் தேடிகினு ஒரு அம்மா வந்துகீறாங்க. ஸ்ரீபெரும்புதூர்லேந்து ரெண்டு பஸ் மாறி வந்தாங்களாம். உன் போனுக்குப் பதினோரு தபா அடிச்சாங்களாம். நீ போனை எங்கிட்ட லாக்கர்ல குடுத்துட்டு உள்ள பூந்துகினா எப்படி எடுப்ப? அது உள்ளயே கத்திகினு கீது."

"இன்னா விஷயமாம்ணா?"

"நண்டுன்றாங்க. கொடைன்றாங்க. ஒண்ணும் புரில. ஆனா கண்ணு கலங்கிப்போய்க் கீது. சீக்கிரம் வா."

நண்டு என்றதும் தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

'குடை வாங்கிய நண்டு' என்பது 1961இல் வந்த பதினாறு பக்கப் புத்தகம். ஒரு நண்டு குடை வாங்குகிறது. ஒன்பதாம் பக்கத்தில் மழையில் அதை விரித்துப் பிடிக்கிறது. பதினான்காம் பக்கத்தில் வெயில் வந்ததும் மூடி, கைத்தடிபோல ஊன்றிக்கொண்டு கடற்கரையில் நடக்கிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் படங்களைப் பார்த்தால் விட மனம் வராது. சென்னையில் வசந்தகுமார் என்ற இளம் பதிப்பாளர் அதை அச்சு அசலாக, முதலில் எப்படி வந்ததோ அப்படியே, மறுபடி கொண்டுவருகிறார். அதற்கு முதல் அச்சு எது என்று தெரிய வேண்டும். இரண்டு விதமான பிரதிகள் கிடைத்திருந்தன. ஒன்று முழுப் பிரதி; அதில் 'படங்கள்: மாசானம்' என்று இருந்தது. மற்றொன்றின் முதல் தாள் கிழிந்துபோயிருந்தது; யாரோ போனில் எடுத்த மங்கலான படங்கள் மட்டும் வந்தன. விலை, முகவரி, பின்னட்டை எல்லாம் இரண்டிலும் ஒன்றே. ஒரே ஒரு வித்தியாசம்: மாசானம் பிரதியில் இரண்டு படங்கள் இடம் மாறியிருந்தன. மழைப் பக்கத்தில் மூடிய குடை, வெயில் பக்கத்தில் விரித்த குடை.

சத்யப்பிரியா ஐந்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தப்பு இருப்பதுதான் முந்தியது என்று எழுதிவிட்டாள். முதல் லாட்டில், அதாவது முதலில் செய்யும் தொகுதியில், கோளாறு வரும், யாராவது கண்டுபிடிப்பார்கள், அடுத்த லாட்டில் சரியாகிவிடும். பதினோரு வருஷமாகக் கம்பெனியில் அவள் பார்த்தது அதைத்தான். குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். மாசானத்தின் மகனும் அந்தக் குழுவில் இருந்தார்; நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார்.

கேட்டுக்குப் பக்கத்தில், பார்வையாளர்கள் உட்காரும் தகரக் கொட்டகையில் காத்திருந்தவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சின்ன உடம்பு, நீல நூல் புடவை, மடியில் துணிப்பை. இவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நீங்கதானே சத்யப்பிரியா? எம்பேர் ஜெயலக்ஷ்மி. அந்த மாசானம் பிரதிதான் முதல்னு நீங்கதானே சொன்னேள்?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"உக்கார நேரமில்லை. ஒரு மணிக்கு மிஷின்ல ஏத்திடுவாளாம். காலம்பற வசந்தகுமார்ட்ட பேசினேன். 'முதல் அச்சுல யார் பேரோ அதைத்தான் போடுவேன், எது முதல்னு சத்யப்பிரியா மேடம் சொல்லிட்டாங்க, அவங்க மாத்திச் சொன்னா நானும் மாத்தறேன்'னுட்டார். அதான் ஓடி வந்தேன்."

பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அதே நண்டு. அட்டை கொஞ்சம் வெளுத்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தது. உள்ளே முதல் தாளில் 'முதல் பதிப்பு 1961'. அதற்குக் கீழே, 'படங்கள்: வேதவல்லி'.

"எங்கம்மா," என்றார் ஜெயலக்ஷ்மி. "எண்பத்திநாலு வயசு. ஆத்துலதான் இருக்கா."

சத்யப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். கொட்டகைச் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது.

"அவங்களையே வசந்தகுமார்கிட்ட பேசச் சொல்லலாமே?"

"அதுதானே கஷ்டம். அவ ஒத்துக்க மாட்டேங்கறா. 'அது வேற வேதவல்லி'ங்கறா. எனக்கு மூணு வயசு, அவ மடியில உக்காந்து நண்டுக்குக் கால் எண்ணினது ஞாபகம் இருக்கு. கேட்டா, 'நீ எதையோ கனாக் கண்டிருக்கே'ங்கறா. இந்தப் புஸ்தகம் எம் பொட்டியில இருக்கறதே அவளுக்குத் தெரியாது."

சாட்சி சொல்ல வேண்டிய ஆள் சொல்ல மாட்டார். மிச்சம் இருப்பது பதினாறு பக்கக் காகிதம்தான். சத்யப்பிரியா கன்னியப்பனைப் பார்த்தாள்.

"அண்ணா, எம் போனு வேணும்."

"ஷிப்ட் டைம்ல போன் வெளிய வரக் கூடாது. மேனேஜர் வெங்கடேசன் சார் பாத்தார்னா என்னத்தான் கத்துவாரு."

"அண்ணா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் லாக்கரைத் திறந்து போனை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே நின்ற லாரி ஒன்றின் நம்பரை ரொம்பச் சிரத்தையாக எழுதிக்கொள்ளப் போய்விட்டார்.

போனில் மாசானம் பிரதியின் ஸ்கேன் இருந்தது. மறுபதிப்புக்காக வசந்தகுமார் எடுத்த, நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய ஸ்கேன். இடது கையில் அதை வைத்துக்கொண்டு, வலது கையால் லென்ஸைப் புத்தகத்தின்மேல் வைத்தாள்.

முதலில் குடையின் கைப்பிடி. வளைவில் கோடு ஒரு மயிரிழை அளவுக்கு அறுந்திருந்தது. ஸ்கேனிலும் அதே இடத்தில், அதே அளவு அறுந்திருந்தது. ஆக, இரண்டும் ஒரே உலோக பிளாக்கிலிருந்து, அதாவது படம் பொறித்த அச்சுக்கட்டையிலிருந்து, அச்சானவை. புதிதாக யாரும் வரைந்து புது பிளாக் செய்யவில்லை. அது நிச்சயம். ஆனால் ஒரே பிளாக்கை வைத்து இரண்டு தடவை அடித்தால் எது முந்தி, எது பிந்தி என்பது அதிலிருந்து தெரியாது.

லென்ஸை மெதுவாக நகர்த்தினாள். நண்டின் கால்கள், மணல், அலை. படத்தின் வலது கீழ் மூலைக்கு வந்ததும் லென்ஸ் அங்கேயே நின்றது. அலைக்கோடுகளுக்கு நடுவே, கோட்டோடு கோடாகக் கலந்து, எறும்பு அளவுக்கு 'வே' என்று ஓர் எழுத்து இருந்தது. அடுத்த பக்கம், அதிலும் இருந்தது. எட்டுப் படங்களிலும் இருந்தது.

ஸ்கேனுக்குப் போனாள். அதே மூலை. அங்கே எழுத்து இல்லை. வெள்ளையாக ஒரு சின்னத் திட்டு. அலைக்கோடுகள் அதன் இரண்டு பக்கமும் சட்டென்று நின்றுபோயிருந்தன. எட்டுப் படங்களிலும் இப்படியே. அந்தத் திட்டை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். மை சரியாகப் பிடிக்கவில்லை, முதல் தடவை ஓட்டம்தானே, அப்படித்தான் இருக்கும் என்று அதையும் தன் கட்சிக்கே சாட்சியாக எடுத்துக்கொண்டாள். இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்புகள் நேராக இருந்தன. மை பிடிக்காத இடம் இப்படி நேராக வெட்டினாற்போல் இருக்காது.

"அய்யோ," என்றாள் வாய்விட்டு. "செதுக்கிகீறாங்க."

"என்ன?"

"உங்கம்மா எழுத்தை பிளாக்குலேந்து உளி வெச்சுச் செதுக்கி எடுத்துட்டாங்கம்மா. எட்டுலயும்."

கடைசல் மிஷின் பக்கம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. அளவு கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கடைந்து சரிசெய்துவிடலாம். குறைந்துபோனால் குப்பைத்தொட்டிதான், எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. பிளாக்கும் உலோகம்தானே. எழுத்தோடு இருந்த பிளாக்கிலிருந்து எழுத்தை எடுக்கலாம். வெட்டிப்போன பிளாக்கில் அலையையும் எழுத்தையும் மறுபடி முளைக்க வைக்க எந்த அச்சகத்தாலும் ஆகாது. வேதவல்லி பிரதிதான் முந்தியது. படங்கள் சரியான இடத்தில் இருந்ததும் அதில்தான். நன்றாக இருந்ததைப் பிற்பாடு ஒருத்தர் கெடுத்திருக்கிறார். பிந்தி வருவது திருத்தமாகத்தான் இருக்கும் என்று தன் கம்பெனி புத்தியை உலகத்துக்கே பொருத்திப் பார்த்த முட்டாள்தனத்தை நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

"யாருமா செதுக்கச் சொல்லியிருப்பாங்க?"

ஜெயலக்ஷ்மி புத்தகத்தின் அட்டையை ஒரு தரம் தடவினார்.

"எங்கப்பா. கோயில்ல கைங்கர்யம். ஆத்து மாட்டுப்பொண்ணு பேர் கடைத்தெருவுல தொங்கறதேன்னு தெருவுல நாலு பேர் பேசினாளாம். பட்டணம் போய், அந்தப் பேர் வேண்டாம், எடுத்துடுங்கோன்னு சொல்லிட்டு வந்திருக்கார். காலி இடத்துல அந்தப் பதிப்பக முதலாளி மாசானம்னு தன் மருமான் பேரைப் போட்டுட்டான். அப்பா காலமாறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்கிட்ட மட்டும் சொன்னார். அம்மாட்ட சொல்லிடாதேன்னார். இன்னி வரைக்கும் சொல்லலை. அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா."

பன்னிரண்டு ஐம்பது. சத்யப்பிரியா வசந்தகுமாரைக் கூப்பிட்டாள். பின்னணியில் மிஷின்களின் சத்தம் கேட்டது; அவர் அச்சகத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், பிளேட்டு ரெடி. ஆள் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"ஏத்தாதீங்க. நான் சொன்னது தப்பு."

செதுக்கின கதையை ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிக்கொண்டே இரண்டு பிரதிகளின் மூலையையும் ஜெயலக்ஷ்மியின் போனில் படம் எடுத்து அனுப்பினாள். அவளுடைய போனின் கேமராவை, உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருந்தது.

"புரியுது மேடம். ஆனா குரூப்ல நீங்க உறுதியா சொன்னதை வெச்சு மாசானம் சார் பையன் சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டாரு. நான் போன்ல கேட்டேன்னு பேரை மாத்தினா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு. நீங்க அங்கயே எழுதணும்."

எழுதினாள். 'குடை வாங்கிய நண்டு பற்றி நான் சொன்னது தவறு. மாசானம் பிரதி இரண்டாம் அச்சு. ஸ்கேனில் இருந்த வெட்டை மை பிடிக்காத இடம் என்று நினைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.' அனுப்பும்போது முகம் சுட்டது. இருநூற்று நாற்பது பேர். அதில் இவள் எப்போது சறுக்குவாள் என்று காத்திருந்தவர்கள் பத்துப் பேராவது உண்டு. அனுப்பிவிட்டாள்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. வசந்தகுமார் மறுபடி போனில் வந்தார்.

"பாத்துட்டேன். தேங்க்ஸ் மேடம். இன்னும் ஒண்ணே ஒண்ணு. வேதவல்லிங்கறது யாருன்னு எனக்குத் தெரியணும். ஊர்ல எத்தனையோ வேதவல்லி. பொண்ணு சொல்றாங்க, சரி, ஆனா அந்த அம்மாவே இல்லைன்னு சொல்றாங்கன்னா நான் எந்த தைரியத்துல அவங்களைப் பத்தி எழுதுவேன்? அவங்க வாயால ஒரு வார்த்தை வரணும். இல்லைன்னா யார் பேரும் போடாம விட்டுடறேன். ஒரு மணிக்கு ஏத்தலைன்னா மிஷினை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இப்ப விட்டா புத்தகக் கண்காட்சிக்கு வராது."

ஜெயலக்ஷ்மி தன் போனில் வீட்டுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு போன்களையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஏழெட்டுத் தடவை மணி அடித்தபின் வேதவல்லி எடுத்தார்.

"யாரு?"

"நான்தாம்மா, ஜெயா. பதிப்பாளர் லைன்ல இருக்கார். அந்த நண்டுப் புஸ்தகம்…"

"அது வேற வேதவல்லின்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? மத்யானத்துல வேலையில்லையா?"

குரலில் தடுமாற்றமே இல்லை. வசந்தகுமார் தொண்டையைச் செருமினார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா. அப்ப பேர் இல்லாம, படங்களை இப்ப இருக்கறபடியே போட்டுடறோம். தகடு மாத்த நேரமில்ல."

ஜெயலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டார். சத்யப்பிரியாவால் தாங்க முடியவில்லை. தன் தப்பு எவ்வளவு தூரம் போகப்போகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. பெயர் மட்டும் இல்லை, படங்களும் அவள் சொன்ன வரிசையில்தான் அந்த அச்சுத் தகட்டில் ஏறியிருக்கின்றன. குறுக்கே புகுந்தாள்.

"அம்மா, நான் சத்யப்பிரியா. உங்களுக்கு என்னைத் தெரியாது. எல்லாத் தப்பும் எம்மேலதான். மழைப் பக்கத்துல மூடின கொடை, வெயில் பக்கத்துல விரிச்ச கொடைன்னு கீற பிரதிதான் முதல்னு நான் சொல்லிட்டேன். இப்ப அச்சாவப் போறதும் அப்படித்தான். உங்ககிட்ட அதச் சொல்லிடணும்னு தோணுச்சு."

"மறுபடியுமா?" என்றது வேதவல்லியின் குரல்.

ஜெயலக்ஷ்மி கண்ணைத் திறந்தார்.

"ரெண்டாந்தடவை போட்டபோதே அப்படித்தான் பண்ணித் தொலைச்சான். மழையில குடையை மூடிண்டு எந்த ஜீவனாவது நிக்குமா? புத்தி வேண்டாம்? அப்பவே ஒரு கார்டு எழுதிப் போடணும்னு கை துடிச்சுது. எழுதினா, நீ யாரு அதைக் கேக்கன்னு கேப்பான். என்ன சொல்றது? எழுதலை. அன்னிலேந்து அந்த நண்டு நனைஞ்சிண்டே இருக்கு. இப்ப இன்னொருத்தன் கிளம்பிட்டான்! முதல்ல அந்தப் படத்தை எடுத்து சரியான பக்கத்துல வைடா!"

"வெச்சுடறேம்மா," என்றார் வசந்தகுமார் அவசரமாக. "அப்ப… படம் போட்டது?"

"நான்தான் போட்டேன். வேற யாரு போடுவா?"

ஒரு மணிச் சங்கு ஊதியது. ஊதி முடிப்பதற்குள் வசந்தகுமார் யாரிடமோ கத்துவது போனில் கேட்டது: "அண்ணே, நிறுத்துங்க! ஏத்தாதீங்க! அடுத்த ஆளுக்கு மொதல்ல குடுத்துடுங்க, நாம அப்புறம் பாத்துக்கலாம்!" தொழிலாளர்கள் கேண்டீனிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வெங்கடேசன் வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார். சத்யப்பிரியா நகரவில்லை. மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவுசெய்துவிட்டாள்.

வசந்தகுமார் திரும்பப் போனுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. கண்காட்சியே போனாலும் பரவாயில்லை, புதுத் தகடு எடுத்துச் சரியாகவே போடுகிறேன் என்றார்.

"உங்க பேரை எப்படிப் போடட்டும்மா? வேதவல்லி ஸௌந்தரராஜன்னு போடலாமா? உங்க வீட்டுக்காரர் பேரும் பக்கத்துல இருக்கும்."

"வேண்டாம். வேதவல்லி போறும்," என்றார் அந்த அம்மாள். இப்போது குரலில் கோபம் இல்லை. "அந்த இடத்துல பேர் இருக்கறது அவருக்குப் பிடிக்கலையே. போய் எடுக்கச் சொல்லிட்டு வந்தவர் பேரை அங்கயே கொண்டுபோய் வெப்பாளோ?"

ஜெயலக்ஷ்மி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் தான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்ததை, யாரிடமிருந்து ஒளித்தாரோ அவர் வாயிலிருந்தே கேட்டார்.

"அம்மா," என்றார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்கப்பா பொய் சொல்லத் தெரியாத மனுஷர். சரி, வெயில்ல நிக்காதே, பஸ் ஏறி வந்து சேரு," என்று சொல்லி வேதவல்லி போனை வைத்தார்.